கழற்றும் முன் கண்டறிய வேண்டும்: கார் பராமரிப்பு – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இரண்டு நாட்கள் வண்டியை எடுக்காமல் நிறுத்திவைத்தால் மூன்றாம் நாள் காலையில் ஸ்டார்ட் ஆவதில்லை. சாவியைத் திருப்பினால் 'டக் டக் டக்' என்ற சத்தம் மட்டுமே வருகிறது. புதிய பேட்டரி போட்டும் பார்த்துவிட்டேன்; ஒரு மாதம்கூட நிம்மதியாக ஓடவில்லை. இப்போது ஆல்டர்னேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள். எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கிப் பேட்டரியைச் சார்ஜ் செய்வதே ஆல்டர்னேட்டரின் வேலை. மின்சாரத்தை அளக்கும் ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருந்தால் போதும். ஆல்டர்னேட்டர் குற்றவாளியா இல்லையா என்பதைப் பத்து நிமிடத்தில் நீங்களே தெரிந்துகொள்ளலாம். வீட்டில் வண்டி பார்க்க விரும்புகிறவர்கள் ஸ்பானர் செட் வாங்குவதற்கு முன்பே வாங்க வேண்டிய கருவி மல்டிமீட்டர்தான் என்பது என் உறுதியான கருத்து.

நீங்கள் குறிப்பிடும் அடுக்கடுக்கான 'டக் டக்' சத்தம், ஸ்டார்ட்டரை இயக்கும் சாலினாய்டு (மின்காந்த சுவிட்ச்) இழுக்க முயன்று, மின்சாரம் போதாமல் விட்டுவிடுவதால் வருவது. ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டு விளக்குகளும் மங்காமல் இருந்திருந்தால் ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சந்தேகித்திருக்கலாம். சத்தமே இல்லை என்றால் இக்னிஷன் சுவிட்ச், கிளட்ச் அல்லது கியர் நிலையைக் காட்டும் சுவிட்ச், ஸ்டார்ட்டரின் ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச்) ஆகியவற்றின் பக்கம் போக வேண்டும். உங்கள் வண்டியில் பேட்டரி இறங்கியிருக்கிறது அல்லது அதிலிருந்து மின்சாரம் முழுமையாக வந்து சேரவில்லை.

மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட் அளவில் வைத்து, இரவு முழுவதும் நின்ற வண்டியின் பேட்டரியைக் காலையில் அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் அல்லது அதற்குச் சற்று மேல் காட்டினால் பேட்டரி நிறைவாக இருக்கிறது, 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால் பங்கு, 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போய்விட்டால் ஏறக்குறையக் காலி. அடுத்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது அதே இடத்தில் அளக்க வேண்டும். 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வந்தால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்கிறது என்று பொருள். சில புதிய வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் வேலையைக் கணினி கட்டுப்படுத்துவதால் இந்த அளவு சில நேரங்களில் குறைவாகத் தெரியலாம். முகப்பு விளக்குகளையும் ஏ.சி. காற்றாடியையும் போட்டுவிட்டுப் பாருங்கள், அளவு ஏற வேண்டும். ஏறாமல் 12 வோல்ட்டை ஒட்டியே நின்றாலோ, இறங்கிக்கொண்டே போனாலோ மட்டுமே சார்ஜிங் பகுதியைச் சந்தேகிக்கலாம். அப்போதும் பெல்ட் தளர்ந்திருக்கிறதா, ஆல்டர்னேட்டருக்குப் போகும் கம்பிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் மாற்றும் பேச்சு.

இங்கே பலர் தவறவிடும் ஒரு சோதனை உண்டு. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் குமிழ் மீதும், மற்றொன்றை அந்தக் குமிழைக் கவ்வியிருக்கும் கிளாம்ப் மீதும் வைத்துக்கொண்டு, இன்னொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதால் மீட்டர் ஏறக்குறையப் பூஜ்யம் காட்ட வேண்டும். அரை வோல்ட் காட்டுகிறது என்றால், வெளியே பளபளப்பாகத் தெரிந்தாலும் உட்புறம் துரு படிந்திருக்கிறது. கிளாம்பைக் கழற்றி, வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருப்பதைச் சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவித் துடைத்து, கம்பித் தூரிகையால் தேய்த்து இறுக்கினாலே தீர்ந்துவிடும் கோளாறு அது. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில் என்ற வரிசையை மாற்றக் கூடாது. வண்டியின் உடல் முழுவதும் நெகட்டிவோடு இணைந்திருப்பதால், அது இணைப்பில் இருக்கும்போது பாசிட்டிவைக் கழற்றும் ஸ்பானர் உடலின் எந்த இரும்பில் பட்டாலும் பெரும் தீப்பொறி கிளம்பும்.

இத்தனையும் சரியாக இருந்தால், வண்டி நிற்கும்போது ஏதோ ஒன்று மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது. எல்லாம் அணைந்த பிறகும் கடிகாரம், திருட்டுத் தடுப்பு அமைப்பு போன்றவற்றுக்காகச் சிறிதளவு மின்சாரம் போவது இயல்பு; அது பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அந்த அளவு நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி மட்டுமே என்பதால், 45 ஆம்பியர்-மணி பேட்டரி பல வாரங்கள் தாங்கும். கசிவு 1 ஆம்பியராக இருந்தாலோ இரண்டே நாளில் 48 ஆம்பியர்-மணி போய்விடும். உங்கள் வண்டியின் கணக்கு இதோடு பொருந்திவருவதைக் கவனியுங்கள்.

கசியும் இடத்தைக் கண்டுபிடிக்கப் பேட்டரியைக் கழற்றி மீட்டரைத் தொடரில் இணைக்கும் முறையைவிட, ஃபியூஸ்களின் மேல் அளக்கும் முறையே வீட்டுக்கு ஏற்றது. தொடரில் இணைத்திருக்கும்போது யாராவது மறந்து சாவியைத் திருப்பினால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். அதோடு, பேட்டரியைக் கழற்றி மாட்டுவதாலேயே வண்டியின் கணினிகள் விழித்துக்கொண்டு அளவைக் குழப்பும். எனவே கதவைத் திறந்துவைத்து, அதன் பூட்டை ஒரு ஸ்க்ரூ டிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளிவிடுங்கள். கதவு சாத்தியிருப்பதாக வண்டி எண்ணிக்கொள்ளும். பானெட் பூட்டுக்கும் இதே வழிதான். சாவியைத் தொலைவில் வைத்துவிட்டு, கணினிகள் அனைத்தும் உறங்கும்வரை அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருங்கள். பிறகு மீட்டரை மில்லிவோல்ட் அளவில் வைத்து, ஒவ்வொரு ஃபியூஸின் தலையிலும் தெரியும் இரண்டு சிறிய உலோகப் புள்ளிகளைத் தொட்டுக்கொண்டே வாருங்கள். மின்சாரம் ஓடாத ஃபியூஸ் பூஜ்யம் காட்டும். ஓடும் ஃபியூஸில் சிறிய அளவாவது தெரியும். அந்த ஃபியூஸ் எதற்குரியது என்பது பெட்டியின் மூடியிலேயே அச்சிடப்பட்டிருக்கும். டிக்கி விளக்கு அணையாமல் இருப்பது, பின்னால் பொருத்திய மியூசிக் சிஸ்டம் அல்லது கேமரா, ஒட்டிக்கொண்ட ரிலே ஆகியவையே பெரும்பாலும் அகப்படும். எந்த ஃபியூஸிலும் எதுவும் தெரியாமல் பேட்டரி மட்டும் இறங்குகிறது என்றால், ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டையோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) வழியாகக் கசிவதற்கு வாய்ப்புண்டு. அப்படியானால் உங்களுக்குச் சொல்லப்பட்ட ஆலோசனை சரிதான். ஆனால் அதை நீங்கள் சான்றோடு ஏற்றுக்கொள்வீர்கள்.

கேள்வி: சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் குலுங்குகிறது, செக் எஞ்சின் விளக்கும் எரிகிறது. புளூடூத் ஸ்கேனர் வாங்கி மாட்டியதில் 'பி0302' என்று வருகிறது. நான்கு பிளக், நான்கு காயில், இன்ஜெக்டர் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிடு என்கிறார் நண்பர்.

பதில்: ஸ்கேனர் வாங்கியது நல்ல முடிவு. ஆனால் அது காட்டும் குறியீடு எந்தப் பாகம் கெட்டது என்று சொல்வதில்லை; கணினி எதைக் கவனித்தது என்றுதான் சொல்கிறது. 'பி0302' என்றால் இரண்டாவது சிலிண்டரில் எரிதல் தவறுகிறது, அவ்வளவே. தீப்பொறி இல்லாமலோ, எரிபொருள் சரியாக வராமலோ, சிலிண்டரில் அழுத்தம் நிற்காமலோ எரிதல் தவறலாம். இம்மூன்றில் எது என்பதைப் பெரும்பாலான வண்டிகளில் ஒரு பைசா செலவில்லாமல் பிரித்தறியலாம்.

எதையும் தொடுவதற்கு முன், குறியீட்டையும் அதோடு கணினி பதிவுசெய்து வைத்திருக்கும் விவரங்களையும் (அந்த நேரத்து வேகம், எஞ்சின் சுற்று, வெப்பநிலை) எழுதிவைத்துக்கொள்ளுங்கள். குறியீட்டை அழித்தால் அவையும் அழிந்துவிடும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் (பிளக்கில் தீப்பொறி எழ உயர் மின்னழுத்தம் தரும் பாகம்) உள்ள எஞ்சின் என்றால், எஞ்சின் ஆறிய பிறகு இக்னிஷனை அணைத்துவிட்டு இரண்டாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டுங்கள். மூன்றாவதன் காயிலை இரண்டாவதில் மாட்டுங்கள். குறியீட்டை அழித்துவிட்டு, முன்பு குலுங்கிய அதே சூழ்நிலையில் வண்டியை ஓட்டிப் பாருங்கள். இப்போது 'பி0303' வந்தால் கோளாறு காயிலோடு சேர்ந்தே இடம் மாறியிருக்கிறது. அந்த ஒரு காயிலை மாற்றினால் போதும். மீண்டும் 'பி0302' என்றே வந்தால் காயில் நல்லது. அடுத்து ஸ்பார்க் பிளக்குகளை இதேபோல் இடம் மாற்றுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் அல்லது சிலிண்டரின் அழுத்தம். அந்த அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனைக்கு வொர்க்‌ஷாப்புக்குப் போவது நல்லது. எந்தச் சிலிண்டருக்கு எந்த எண் என்பதை மட்டும் உங்கள் வண்டிக்குரிய கையேட்டில் உறுதி செய்துகொள்ளுங்கள். எல்லா எஞ்சின்களிலும் எண்ணும் வரிசை ஒன்றல்ல.

பிளக்கைக் கழற்றியதும் அதன் முனையை வெளிச்சத்தில் பாருங்கள். உலர்ந்து, வெளிர் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் அந்தச் சிலிண்டர் நன்றாக எரிகிறது. பெட்ரோலில் நனைந்திருந்தால் எரிபொருள் வந்தும் எரியவில்லை. கறுத்து எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் எஞ்சின் ஆயில் உள்ளே வருகிறது. பீங்கான் பகுதியில் முடி போன்ற கறுப்புக் கோடு ஓடியிருந்தால், தீப்பொறி முனைக்குப் போகாமல் அந்தக் கோட்டின் வழியே பக்கவாட்டில் பாய்ந்திருக்கிறது. அப்போது பிளக்கைத்தான் மாற்ற வேண்டும். பிளக் இருக்கும் குழியிலேயே எண்ணெய் தேங்கியிருந்தால் மேல்மூடியின் கேஸ்கெட் கசிகிறது. அதைச் சரிசெய்யாமல் போடும் புதிய காயிலும் வெகுநாள் உழைக்காது. திரும்ப மாட்டும்போது பல சுற்றுகள் வரை விரலாலேயே திருக வேண்டும். அலுமினிய எஞ்சின் தலையில் மரை ஒருமுறை சிதைந்தால் பிளக்கின் விலையோடு தீரும் செலவாக அது இருக்காது.

செக் எஞ்சின் விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால் வண்டியை அதற்குமேல் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் குழாயில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து அதை உருக்கிவிடும்.

கேள்வி: எனக்கு வருவது 'பி0420'. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையே மாற்ற வேண்டும் என்று இணையத்தில் படித்தேன். உண்மையா?

பதில்: கன்வெர்ட்டரின் திறன் குறைந்ததுபோல் சென்சாருக்குத் தெரிகிறது என்பதே அதன் பொருள். புகைக் குழாயில் இணைப்பு விட்டு வெளிக்காற்று உள்ளே புகுந்தாலும், பின்புற ஆக்ஸிஜன் சென்சார் தவறாகக் காட்டினாலும் இதே குறியீடு வரும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, குழாயின் இணைப்புகளில் 'புஸ் புஸ்' என்ற சத்தம் வருகிறதா, கரி படிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கன்வெர்ட்டர் உண்மையிலேயே கெட்டிருந்தாலும், அது ஏன் கெட்டது என்று கேட்காமல் புதியது போட வேண்டாம். ஆயில் குடிக்கும் எஞ்சினும், எரிதல் தவறும் எஞ்சினும் புதியதையும் கெடுத்துவிடும்.

கேள்வி: ஏ.சி. போட்டு ஓட்டிவிட்டு நிறுத்தினால் வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறது. கோளாறா?

பதில்: இல்லை, காற்றிலிருந்து ஏ.சி. பிரித்தெடுத்த ஈரம் அது. சொட்டாமல் உள்ளே கால்மிதியடி நனைந்தால்தான் வடிகுழாய் அடைத்திருக்கிறது என்று பொருள். சந்தேகமாக இருந்தால் ஒரு வெள்ளை அட்டையை இரவில் அடியில் வைத்துப் பாருங்கள். நிறமற்றிருந்தால் தண்ணீர், பழுப்பு அல்லது கறுப்பு எஞ்சின் ஆயில், பச்சை, ஆரஞ்சு, இளஞ்சிவப்பு நிறங்களில் ஒன்றானால் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்), சிவப்பாக, எண்ணெய்ப் பசையோடு இருந்தால் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் அல்லது பவர் ஸ்டியரிங் ஆயில். சக்கரத்தின் அருகே வெளிர் மஞ்சளாக வழுக்கும் திரவம் தெரிந்தால் அது பிரேக் ஆயிலாக இருக்கலாம். வண்டியை அந்த இடத்தைவிட்டு எடுக்காதீர்கள்.

கேள்வி: நெடுஞ்சாலையில் எவ்வளவு வேகமாகப் போனாலும் வெப்பமானி அசைவதில்லை. நெரிசலில் ஊர்ந்து போகும்போது மட்டும் முள் ஏறுகிறது. ரேடியேட்டர் அடைத்துவிட்டதா?

பதில்: நீங்கள் கவனித்துச் சொல்லியிருக்கும் வேறுபாடே பாதி விடையைத் தந்துவிடுகிறது. வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நிற்கும்போது அந்த வேலை மின்விசிறியுடையது. எனவே முதல் சந்தேகம் மின்விசிறி மீது. வண்டியை நிறுத்திவைத்து எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி.யைப் போடுங்கள், பெரும்பாலான வண்டிகளில் சற்று நேரத்தில் விசிறி சுழலத் தொடங்க வேண்டும். சுழலவில்லை என்றால் அதன் ஃபியூஸ், பிறகு ரிலே, பிறகு இணைப்பு, கடைசியாக மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள். ஃபியூஸ் பெட்டியில் அதே எண் கொண்ட இன்னொரு ரிலே இருந்தால் இடம் மாற்றிப் பார்ப்பது எளிய சோதனை. எஞ்சின் அணைந்த பிறகும் விசிறி தானாகச் சுழலக்கூடும் என்பதால் கையை அதனருகே கொண்டுபோகாதீர்கள். இதற்கு மாறாக, வேகமாகப் போகும்போது சூடேறியிருந்தால் அடைத்த ரேடியேட்டர், முழுதாகத் திறக்காத தெர்மோஸ்டாட் (வெப்பத்துக்கேற்பக் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு), வலுவிழந்த வாட்டர் பம்ப் ஆகியவற்றைத் தேடியிருக்க வேண்டும்.

கூலன்ட் அளவை எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு மட்டுமே பாருங்கள். சூடான எஞ்சினில் மூடியைத் திறக்கவே கூடாது என்பதை எத்தனை முறை எழுதினாலும் தகும். வெளிக்காற்றைவிட ஏறக்குறைய 1 பார் கூடுதல் அழுத்தத்தில் மூடி அந்தத் திரவத்தை அடைத்துவைத்திருக்கிறது. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 120 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்து அழுத்தம் விலகிய கணத்தில் அது மொத்தமாகக் கொதித்து முகத்தில் பாயும்.

வெளியே எங்கும் கசிவு தெரியாமல் கூலன்ட் மட்டும் குறைந்துகொண்டே வந்தால், அது எஞ்சினுக்குள் போகிறதா என்று பார்க்க வேண்டும். இனிப்பு மணத்தோடு நிற்காமல் வரும் வெண்புகை, ஓடும்போது கூலன்ட் தொட்டியில் இடைவிடாமல் எழும் குமிழ்கள், ஆயில் அளவுகோலில் பால் கலந்தது போன்ற நிறம் ஆகியவை ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் தலைக்கும் அதன் கீழ்ப்பகுதிக்கும் இடையே உள்ள அடைப்பு) பழுதின் அடையாளங்கள். ஆயில் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெண்மை படிந்திருந்தால் பதற வேண்டாம். குறுகிய தூரமே ஓடும் வண்டிகளில் ஈரத்தால் அப்படி ஆவதுண்டு. கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பான நஞ்சு. சிந்தியதைக் குழந்தைகளும் விலங்குகளும் அண்டாதபடி உடனே துடைத்துவிடுங்கள்.

கேள்வி: பிரேக் போட்டால் கீச்சென்று சத்தம் வருகிறது. பேடுகளை நானே மாற்றலாமா?

பதில்: பார்ப்பதை நீங்களே செய்யுங்கள். மாற்றுவதை, முதல் முறை மட்டுமாவது, அனுபவமுள்ளவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். தேய்ந்த பேடில் உள்ள சிறு தகடு டிஸ்கில் உரசி எச்சரிப்பதே பல வண்டிகளில் இந்தக் கீச்சொலி. இரும்போடு இரும்பு அரைபடும் கரகரப்பு வந்துவிட்டால் பேட் தீர்ந்து டிஸ்க் தேய்ந்துகொண்டிருக்கிறது. சக்கரத்தின் இடைவெளி வழியாகத் தெரியும் வெளிப்புற பேடை மட்டும் பார்த்துவிட்டு நிறைவடையாதீர்கள். பேடுகளை டிஸ்க் மீது அழுத்தும் காலிப்பர் நகர உதவும் 'பின்' (வழிகாட்டிக் கம்பி) இறுகிப்போயிருந்தால் உட்புற பேட் மட்டும் தகடுவரை தேய்ந்திருக்கும். உராயும் பகுதி 3 மில்லிமீட்டரை நெருங்கினால் மாற்றும் காலம் வந்துவிட்டது. மாற்றும்போது அந்த அச்சின் இருபக்கமும் மாற்ற வேண்டும்.

சமதளத்தில் நிறுத்தி, மறுமுனைச் சக்கரங்களுக்கு அடைப்பு வைத்து, நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திவிட்டு, பிறகு ஜாக்கியால் தூக்குங்கள். தூக்கியதும் உரிய இடத்தில் தாங்கு ஸ்டாண்டு வைத்து வண்டியை அதன்மேல் இறக்கிவிட வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கான கருவி. அதை நம்பி வண்டிக்கு அடியில் உடலின் எந்தப் பகுதியையும் நுழைக்கக் கூடாது. கழற்றிய காலிப்பரை அதன் ரப்பர் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டிவையுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே தொட்டியில் பிரேக் ஆயில் ஏறும். வழிந்தால் பெயின்ட்டை அரித்துவிடும். மின்சாரக் கைப்பிரேக் உள்ள வண்டிகளில் பின்புறப் பிஸ்டனை வலுக்கட்டாயமாகத் தள்ளினால் அதன் மோட்டார் பொறியமைப்பு உடையும். அதற்கெனக் கணினியில் சர்வீஸ் நிலை இருக்கிறது. எல்லாம் மாட்டி முடித்ததும், வண்டியை நகர்த்துவதற்கு முன், பெடல் இறுகும்வரை பலமுறை மிதித்துவிடுங்கள். இதை மறந்தால் முதல் முறை பிரேக்கை மிதிக்கும்போது பெடல் தரைவரை இறங்கிவிடும், வண்டியும் நிற்காது.

பெடல் பஞ்சு போல் அமுங்கினாலோ, மிதித்து வைத்திருக்கும்போதே மெல்ல மெல்ல இறங்கினாலோ காற்று புகுந்திருக்கிறது, அல்லது திரவம் கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் (பெடலின் அழுத்தத்தைப் பிரேக் ஆயிலுக்குத் தரும் பாகம்) பழுதாகியிருக்கிறது. அத்தகைய வண்டியை வொர்க்‌ஷாப்புக்குக்கூட ஓட்டிச்செல்லாமல் இழுத்துச்செல்லச் சொல்லுங்கள்.

கேள்வி: வேகம் கூடக் கூட 'ஊம்' என்ற இரைச்சல் கூடுகிறது. டயரா, பேரிங்கா?

பதில்: வாகனமற்ற நேர்ச்சாலையில் மெதுவாக இடமும் வலமும் ஸ்டியரிங்கை அசைத்துப் பாருங்கள். இடப்பக்கம் திரும்பும்போது எடை வலச் சக்கரங்கள் மீது சாய்கிறது. அப்போது இரைச்சல் கூடினால் வலப்பக்க வீல் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். திருப்பத்துக்கு மாறாமல், சாலையின் மேற்பரப்பு மாறும்போது மட்டும் சத்தம் மாறினால் டயர்.

கேள்வி: வீட்டில் கை வைக்கவே கூடாத வேலைகள் எவை? வொர்க்‌ஷாப்பில் எப்படிச் சொன்னால் தேவையில்லாத பாகங்களை மாற்றாமல் இருப்பார்கள்?

பதில்: ஏர்பேக் இணைப்புகள் (பெரும்பாலும் மஞ்சள் நிறத்தவை), ஹைப்ரிட் மற்றும் மின்சார வண்டிகளின் ஆரஞ்சு நிறக் கேபிள்கள், சஸ்பென்ஷன் ஸ்பிரிங், டீசல் காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டர்களுக்கும் உயர் அழுத்தத்தில் டீசல் தரும் பொதுக் குழாய்) எஞ்சினின் எரிபொருள் குழாய்கள் ஆகியவற்றைத் தொடாதீர்கள். ஆரஞ்சுக் கேபிளில் நூற்றுக்கணக்கான வோல்ட் இருக்கும். காமன் ரெயிலில் 1,000 பாருக்கும் மேற்பட்ட அழுத்தம் இருக்கும், அதிலிருந்து பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சோதிப்பதும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பாகத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு உள்ளே போகாதீர்கள். "ஆல்டர்னேட்டரைப் பாருங்கள்" என்று நீங்கள் சொன்னால் அது மாற்றப்பட்டுவிடும், கோளாறு அப்படியே இருக்கும், பொறுப்பும் உங்கள் மேல் விழும். கோளாறு எப்போது வருகிறது, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா சூடேறிய பிறகா, எந்த வேகத்தில், பிரேக் போடும்போதா திரும்பும்போதா என்பதையும், நீங்கள் அளந்த எண்களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். "இரண்டு நாள் நின்றால் பேட்டரி 11.8 வோல்ட்டுக்கு இறங்குகிறது. எஞ்சின் ஓடும்போது 14.2 வருகிறது, மியூசிக் சிஸ்டத்தின் ஃபியூஸைப் பிடுங்கி வைத்தால் இறங்குவதில்லை" என்று மூன்று வரி எழுதியிருந்தால், நல்ல மெக்கானிக் நேராக அந்தக் கம்பியிலிருந்தே வேலையைத் தொடங்குவார். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரும்படி வேலை தொடங்குவதற்கு முன்பே கேட்டுவையுங்கள்.